செம்மறியைத் தின்பது யார்? ஏனோக்கின் விலங்குக் கனவை வாசிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏனோக்கு என்ற பழைய யூத நூலை ஆர்வமாகக் கையில் எடுத்தவர்கள் பலர் அதை மூடி வைக்கும் இடம் 86ஆம் அதிகாரம். வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் விழுகிறது. மாடுகளோடு மாடாக மேய்கிறது. அடுத்து நட்சத்திரங்கள் கூட்டமாக விழுகின்றன, காளைகளாக மாறுகின்றன, பசுக்கள் மேல் ஏறுகின்றன. பசுக்கள் சினைப்பட்டு ஈனுகின்றன. பிறப்பவை யானையும் ஒட்டகமும் கழுதையும்.

நானும் அங்கேதான் முதல் தடவை புத்தகத்தை மூடினேன். இரண்டு வருஷம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக வேதாகமத்தின் லேவியராகமம் 11ஐப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்ற பட்டியல். ஒட்டகம், குழிமுசல், பன்றி, கழுகு, பருந்து, காகம் என்று வரிசையாக வர, இதே கூட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பட்டது. பார்த்தது ஏனோக்கின் கனவில். அன்றைக்குத்தான் அந்தக் கனவுக்கான அகராதி சமையலறையில் கிடக்கிறது என்று புரிந்தது.

அந்த அகராதியை வைத்துக்கொண்டு கனவை எப்படிப் படிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். யூத வரலாறோ எபிரேயமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆறு அதிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில் போதும்.

முதல் படி: சரியான பக்கத்தைத் திறப்பது

ஏனோக்கு என்று ஒரே அட்டைக்குள் வருவது பல காலத்தில் எழுதப்பட்ட ஐந்து நூல்களின் கட்டு. மொத்தம் 108 அதிகாரங்கள். முதல் பக்கத்தில் தொடங்கினால் பாதி வழியில் நட்சத்திரக் கணக்குகளில் மாட்டிக்கொள்வீர்கள். நேராக 85க்குப் போங்கள், 90இல் நிறுத்துங்கள். ஆய்வாளர்கள் ‘விலங்கு வெளிப்பாடு’ என்று அழைக்கும் பகுதி இவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஏனோக்கு தன் மகன் மெத்தூசலாவிடம், கல்யாணத்துக்கு முன்னால் கண்ட ஒரு கனவைச் சொல்கிறான். ஆதாமிலிருந்து உலக முடிவு வரை மொத்த வரலாறும் அதில் கால்நடைக் கதையாக ஓடுகிறது. மூலம் அரமேய மொழி. 1952இல் சாக்கடலோரக் குமரானின் 4ஆம் குகையில் கிடைத்த துணுக்குகளில் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை நான்கு சுருள்களிலிருந்து வந்தன. 1976இல் மீலிக் என்ற ஆய்வாளர் அவற்றைப் பதிப்பித்தார். ஆனால் முழுப் பாடமாக நம்மிடம் இருப்பது எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் மட்டுமே. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1773இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிரதிகளால்தான் மேற்குலகம் இதை மறுபடி பார்த்தது. எத்தியோப்பியத் திருச்சபைக்கு இது என்றுமே தொலைந்த நூலாக இருந்ததில்லை. அவர்களுடைய வேதாகமத்தில் ஏனோக்கு இருக்கிறது. அந்தச் சபையார் இன்றும் பன்றி இறைச்சி உண்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். நூலையும் பட்டியலையும் ஒருசேரக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

இரண்டாம் படி: பட்டியலைத் தெரிந்துகொள்வது

லேவியராகமம் 11 ஒன்றரைப் பக்கம்தான். உபாகமம் 14இலும் ஏறக்குறைய இதே பட்டியல் உண்டு. தரை விலங்குகளுக்கு இரண்டே சோதனை: குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசைபோட வேண்டும். மாடு, செம்மறி, வெள்ளாடு இரண்டிலும் தேறும். ஒன்றில் மட்டும் தேறுபவற்றைப் பெயர் சொல்லியே தள்ளிவைக்கிறது பட்டியல். ஒட்டகமும் குழிமுசலும் முயலும் அசைபோடும், குளம்பு பிளவில்லை என்கிறது. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசைபோடாது. பாதத்தால் நடக்கிற நாலுகால் பிராணிகளெல்லாம் மொத்தமாக வெளியே. சிங்கம், ஓநாய், நாய், நரி எல்லாம் அந்த ஒரே வசனத்தில் அடங்கிவிடும்.

பறவைகளுக்குச் சோதனை எதுவும் சொல்லப்படவில்லை. வெறும் பெயர் வரிசைதான். கழுகு, பருந்து, காகம், ஆந்தை என்று போகிறது. வரிசையைச் சும்மா ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலானவை பிணந்தின்னிகள், வேட்டைக்காரர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தமிழ் வாசகர்கள் வழுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. நமக்குச் சாப்பாட்டுச் சுத்தம் என்றதும் சைவம், அசைவம் என்ற கோடுதான் மனதில் வரும். இந்தப் பட்டியல் அந்தக் கோட்டைப் போடவே இல்லை. மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் இதில் சுத்தமான உணவு, பலிபீடத்துக்கே போகிறவை. ‘அசுத்தம்’ என்பதும் அருவருப்பான, பொல்லாத பிராணி என்ற பொருளில் மட்டும் வருவதல்ல. ஆபிரகாமிடம் ஒட்டகங்கள் இருந்தன, எல்லோரும் கழுதை ஏறிப் போனார்கள். தட்டில் வரக்கூடாது, செத்ததைத் தொட்டால் சாயங்காலம் வரை தீட்டு, அவ்வளவே.

கூடவே இரண்டு துணைச் சட்டங்கள். இரத்தத்தை உண்ணக்கூடாது. காட்டு மிருகம் கடித்துப் போட்டதையும் உண்ணக்கூடாது. பழைய தமிழ் வேதாகமம் இதைப் ‘பீறுண்ட’ மாமிசம் என்கிறது. செம்மறி சுத்தமான பிராணிதான், ஆனால் ஓநாய் கிழித்த செம்மறி சாப்பாட்டுக்கு ஆகாது. அதை என்ன செய்வது? யாத்திராகமம் 22:31 சொல்கிறது: நாய்களுக்குப் போடு.

மூன்றாம் படி: நம் ஊர் விலங்குகளை வாசலில் கட்டிவிட்டு வருவது

இந்தக் கனவில் வரும் யானைக்கும் கோயில் யானைக்கும் ஒட்டு உறவு இல்லை. கழுகில் கருடனையோ காகத்தில் அமாவாசைச் சோற்றையோ தேடவேண்டாம். நரி தந்திரம், ஓநாய் கள்ளத்தனம் என்ற பள்ளிக்கூட நீதிக்கதைக் குணங்களும் இங்கே உதவாது. எழுதியவர் விலங்கின் குணத்தைப் பார்த்து வேடம் கொடுக்கவில்லை. எந்தப் பெட்டியில் அது நிற்கிறது, யாரைக் கடிக்கிறது என்று பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

நான்காம் படி: தாளில் நான்கு பத்தி

ஒரு தாளை நெடுக்காக நான்காகப் பிரியுங்கள். வசனம், விலங்கு, யார், என்ன தின்கிறது. கடைசிப் பத்தி எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள், போட்டு வையுங்கள்.

தொடக்கம் எளிது. மண்ணிலிருந்து ஒரு வெள்ளைக் காளை வெளிவருகிறது: ஆதாம். பின்னால் ஒரு கிடேரி: ஏவாள். அதற்குப் பின் ஒரு காரிக் கன்றும் ஒரு செவலைக் கன்றும். காரி செவலையைக் குத்தி விரட்டுகிறது. அதன் பிறகு செவலையைக் கண்ணில் காணவில்லை. காயீனும் ஆபேலும் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அடுத்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தாய்ப்பசு அந்தச் செவலைக் கன்றைத் தேடி அலைகிறது. கிடைக்கவில்லை. கதறுகிறது. முதல் காளை வந்து அதை அமைதிப்படுத்த, அன்றிலிருந்து அது கதறவில்லை. ஆதியாகமத்தில் ஏவாள் அழுததாக ஒரு சொல் கிடையாது. கன்றை இழந்த மாட்டைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய இடம் இது.

பிறகு நீங்கள் முன்பு மூடி வைத்த பக்கம். நட்சத்திரங்கள் என்றால் வானத்திலிருந்து இறங்கி மனுஷப் பெண்களைச் சேர்ந்த தூதர்கள். யானை, ஒட்டகம், கழுதை என்றால் அவர்களுக்குப் பிறந்த இராட்சதர்கள். பட்டியலோடு வைத்துப் பாருங்கள். சுத்தமான பசுவின் வயிற்றில் அசுத்தமான மூன்று இனம். அரமேயத்தில் யானைக்குப் பெயர் ‘பீல்’. இராட்சதர்களுக்கு ஆதியாகமம் தரும் பெயர் ‘நெபிலிம்’. ஒலி ஒற்றுமைக்காகவே யானையைத் தேர்ந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வெள்ளம் வந்து வடிந்தபின் நோவாவின் பிள்ளைகள் மூன்று காளைகள்: வெள்ளை, செவலை, காரி. அங்கிருந்து 89:10இல் திடீரென்று காடு திறந்துவிட்டதுபோல் ஒரு வரிசை: சிங்கம், புலி, ஓநாய், நாய், கழுதைப்புலி, காட்டுப்பன்றி, நரி, குழிமுசல், பன்றி, வல்லூறு, பாறு, பருந்து, கழுகு, காகம். சில மொழிபெயர்ப்புகளில் குழிமுசல் இருக்கும் இடத்தில் அணில் இருக்கும். குழம்ப வேண்டாம், ஒன்றுதான். தரை விலங்கு ஒன்பது, பறவை ஐந்து. பட்டியலின் சோதனையில் தேறும் தரை விலங்கு ஒன்றுகூட இல்லை. இவைதான் உலகத்து இனங்கள். இவை பிறந்த அடுத்த வரியிலேயே ஒன்றையொன்று கடிக்கத் தொடங்குகின்றன. அவற்றின் நடுவே ஒரு வெள்ளைக் காளை பிறக்கிறது: ஆபிரகாம்.

இப்போது 89:11 முதல் 12. இந்தக் கனவில் ஒரே இடத்தில் நிதானிக்கவேண்டும் என்றால் இங்கே நிதானியுங்கள். ஆபிரகாம் என்ற வெள்ளைக் காளைக்கு ஒரு காட்டுக்கழுதையும் ஒரு வெள்ளைக் காளையும். காட்டுக்கழுதை இஸ்மவேல். இதைக் கனவு எழுதியவர் புதிதாகக் கட்டவில்லை. ஆதியாகமம் 16:12இன் எபிரேயத்திலேயே இஸ்மவேல் காட்டுக்கழுதைதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைத் ‘துஷ்டமனுஷன்’ என்று மாற்றிவிட்டதால் நமக்குத் தெரியாமல் போயிற்று. அடுத்து ஈசாக்கு என்ற வெள்ளைக் காளைக்கு ஒரு கறுப்புக் காட்டுப்பன்றியும் ஒரு வெள்ளைச் செம்மறியும். ஏசா பன்றி, யாக்கோபு செம்மறி.

ஒரே வயிற்றில் இரட்டையாய்ப் பிறந்தவர்கள். ஒருவன் பலிபீடத்துக்குரிய பிராணி, மற்றவன் தட்டிலேயே வரக்கூடாத பிராணி. ஏன் பன்றி? பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பிளந்த குளம்போடு, பார்த்தால் நம்மினம் போலவே இருந்து, உள்ளே அசைபோடாத ஒரே பிராணி பன்றிதான். பிற்கால ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள், இதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்: பன்றி படுக்கும்போது குளம்பை முன்னால் நீட்டிக்காட்டி, ‘பார், நான் சுத்தம்’ என்கிறதாம். அவர்கள் அதை ஏசாவோடும் ரோமாபுரியோடும் சேர்த்துச் சொன்னார்கள். அண்டை வீட்டுக்காரன் மேல் வரும் கசப்பைவிடப் பங்காளி மேல் வரும் கசப்பு காரமானது என்பது நமக்குத் தெரியாததா?

இதற்கு மேல் பத்தியை நிரப்புவது சுலபம். பன்னிரண்டு செம்மறிகளில் ஒன்றைப் பதினொன்று சேர்ந்து காட்டுக்கழுதைகளிடம் கொடுக்க, அவை அதை ஓநாய்களிடம் கொடுக்கின்றன: யோசேப்பு, இஸ்மவேலர், எகிப்து. ஓநாய்கள் தண்ணீரில் மூழ்குவது செங்கடல். நாய்கள் பெலிஸ்தர், சிங்கங்கள் பாபிலோனியர் என்பது பொதுவான கருத்து. ‘வீடு’ எருசலேம், ‘கோபுரம்’ ஆலயம். வெள்ளை மனிதர்கள் தூதர்கள். செம்மறிகளின் எஜமான் கடவுள். அவருக்கு விலங்கு வேடமே கிடையாது. ஏதாவது ஒரு இனத்துக்குப் பெயர் பொருந்தாவிட்டால் கேள்விக்குறி போட்டு நகருங்கள். புலி எந்த நாடு என்று தெரியாததால் கதை நிற்கப்போவதில்லை.

ஐந்தாம் படி: வாயைப் பின்தொடர்வது

இனி மறுபடி தொடக்கத்திலிருந்து, கடைசிப் பத்தியை மட்டும் நிரப்பிக்கொண்டு வாருங்கள். யார் யார் என்ற கேள்வியை விடுங்கள். யார் எதைத் தின்கிறார்கள்?

யானையும் ஒட்டகமும் கழுதையும் காளைகளைத் தின்கின்றன. உண்மையான யானை மாட்டைத் தின்னாது. எழுதியவருக்கும் அது தெரிந்துதான் இருக்கும். ஆனால் இதே கட்டில் வரும் முன்னொரு நூலில், ஏனோக்கு 7இல், இராட்சதர்கள் மனுஷருடைய உழைப்பையெல்லாம் தின்று தீர்த்து, அது போதாமல் மனுஷரையே தின்கிறார்கள். பறவை, மிருகம், மீன் என்று கைவைத்து, கடைசியில் ஒருவர் சதையை ஒருவர் தின்று இரத்தம் குடிக்கிறார்கள். அந்த வாய்தான் இங்கே யானைக்கு வந்திருக்கிறது. ஓநாய்கள் செம்மறிகளை ஒடுக்குகின்றன, குட்டிகளை அழிக்கின்றன. சிங்கங்கள் தின்கின்றன. எஜமான் செம்மறிகளை ஒப்படைத்த எழுபது மேய்ப்பர்கள் வந்தபின் கணக்கு வைத்தே தின்னக் கொடுக்கிறார்கள்: இத்தனையை அழிக்கலாம் என்று உத்தரவு, அதற்கு மேல் அழித்ததை ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருகிறார். 90ஆம் அதிகாரத்தில் பறவைகள் இறங்குகின்றன. கழுகுகள் முன்னால் வர, பாறும் பருந்தும் காகமும் பின்னால். கண்களைக் கொத்துகின்றன. 90:4இல் நாய்களும் கழுகுகளும் பருந்துகளும் சதை, தோல், நரம்பு எதையும் மிச்சம் வைக்காமல் தின்று, வெறும் எலும்பு மட்டும் நிற்கிறது. நாய்களுக்குப் போடு என்ற அந்த யாத்திராகம வசனத்தை இங்கே நினைத்துக்கொள்வது என் பழக்கம். சுத்தமான பிராணி பீறுண்டு நாய்க்கு இரையாகிறது. தன் மக்கள் பட்ட பாட்டை உணவுச் சட்டத்தின் மொழியிலேயே இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருக்க முடியாது.

செம்மறிகளின் வரிசையில் அந்தப் பத்தியில் என்ன எழுதினீர்கள்? வனாந்தரத்தில் எஜமான் தந்த தண்ணீரும் புல்லும். மன்னா புல்லாகிவிட்டது. செம்மறிகள் முட்டுகின்றன, தங்களிடம் அனுப்பப்பட்டவர்களைக் கொல்கின்றன, கடைசியில் கையில் பெரிய வாள்கூட வருகிறது. ஆனால் சதையைத் தின்றதாக ஒரு வரி இல்லை.

நான் சொல்லவந்தது இதுதான். லேவியராகமம் ‘எதைத் தின்னக்கூடாது’ என்று கேட்டது. கனவு அதே பட்டியலை எடுத்து ‘யார் நம்மைத் தின்கிறார்கள்’ என்று திருப்பிவிட்டது. நம் தட்டில் வரக்கூடாதவர்கள் நம்மைத் தட்டில் போட்டுக்கொண்டவர்கள்.

இது நான் மட்டும் கண்டுபிடித்த கோணம் இல்லை. பொதுவாகக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கருதப்படும் அரிஸ்டியாஸ் மடலில் எலெயாசர் என்ற தலைமைக் குரு உணவுச் சட்டங்களுக்கு விளக்கம் சொல்கிறார். உண்ணத்தக்க பறவைகள் சாதுவானவை, தானியம் பொறுக்குபவை. விலக்கப்பட்டவை மற்றதை ஒடுக்கிக் கிழித்துத் தின்பவை. பிளந்த குளம்பு பகுத்தறிவதற்கு அடையாளம், அசைபோடுவது நினைவுகூர்வதற்கு அடையாளம் என்றும் சொல்கிறார். கூடவே மரநாய் காதால் கருத்தரித்து வாயால் ஈனும் என்று ஒரு போடு போடுகிறார். அதை நாம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

ஆறாம் படி: மேசைமேல் ஒரு அப்பம்

89:73. இந்த ஒரு வசனத்துக்குத் தனிப் படி. பாபிலோனியச் சிறையிருப்பு முடிந்து செம்மறிகள் திரும்பி வருகின்றன. இடிந்த வீட்டைக் கட்டுகின்றன, கோபுரத்தை எழுப்புகின்றன, அதன் முன் ஒரு மேசையைப் போடுகின்றன. அதன் மேலிருந்த அப்பமெல்லாம் அசுத்தமாயிருந்தது என்கிறார் எழுத்தாளர். இவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். அத்தனை பக்கமும் அசுத்தம் வெளியே இருந்தது: பன்றியாக, ஓநாயாக, காகமாக. முதல்முறையாக அது உள்ளே வருகிறது, அதுவும் கடவுளின் சாப்பாட்டு மேசைக்கு. கி.மு. 515 வாக்கில் முடிந்த இரண்டாம் ஆலயத்தின் மொத்த வழிபாட்டையும் இந்த ஆள் ஒரு அப்பத்தை வைத்துத் தள்ளுபடி செய்கிறார். மல்கியா 1:7இலும் பலிபீடத்தின் மேல் வைத்த அசுத்தமான அப்பத்தைப் பற்றிய குற்றச்சாட்டு உண்டு, அங்கிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் மல்கியா திட்டித் திருத்தப் பார்க்கிறார். இவர் திருந்தும் என்றே எதிர்பார்க்கவில்லை. முடிவில் அந்தப் பழைய வீட்டைத் தூண்களோடு மடித்து அப்புறப்படுத்திவிட்டுப் புது வீடு கொண்டுவரப்படுகிறது.

ஏழாம் படி: எழுதிய வருஷத்தைக் கண்டுபிடிப்பது

இதைக் கனவுக்குள்ளேயே கண்டுபிடிக்கலாம். உலக முடிவைக் காட்சியாகச் சொல்லும் இத்தகைய வெளிப்பாட்டு நூல்களில் நடந்த வரலாறு துல்லியமாக இருக்கும், ஓரிடத்தில் கதை தடம் மாறி வானத்துக்குப் போய்விடும். அந்த இடத்தில்தான் எழுத்தாளர் உட்கார்ந்திருக்கிறார். இங்கே 90:9இல் ஒரு செம்மறிக்குப் பெரிய கொம்பு முளைக்கிறது. காகங்கள் அதன் கொம்பை முறிக்கப் பார்த்து முடியாமல் போகின்றன. இது யூதக் கிளர்ச்சியை நடத்திய யூதா மக்கபே என்பதில் பெரும்பாலானோர் உடன்படுகிறார்கள். காகங்கள் சிரியாவை ஆண்ட கிரேக்கர்கள். யூதா கி.மு. 160இல் போரில் விழுந்தார். கனவில் கொம்பு விழவில்லை. ஆகவே அதற்கு முன்னால், கிளர்ச்சியின் சூட்டிலேயே எழுதியது.

இந்த இடத்தில் மக்கபேயர் நூல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமத்தில் அவை இருக்காது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இரண்டும் உண்டு. கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூதச் சட்டங்களைத் தடைசெய்து, பன்றியைப் பலியிட உத்தரவிட்டான். 2 மக்கபேயர் 6இல் எலெயாசர் என்றொரு தொண்ணூறு வயது மறைநூல் அறிஞர். அரிஸ்டியாஸின் குருவுக்கும் இவருக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. வாயைப் பலவந்தமாகத் திறந்து பன்றி இறைச்சியைத் திணிக்கிறார்கள். துப்பிவிடுகிறார். அவரைப் பல காலம் தெரிந்த அதிகாரிகள் தனியே கூப்பிட்டு, ‘உமக்கு ஆகுமான கறியை நீரே கொண்டுவந்து, பன்றியைத் தின்பதுபோல் பாவனை செய்யும், விட்டுவிடுகிறோம்’ என்கிறார்கள். தொண்ணூறு வயதில் எலெயாசர் மாறிவிட்டான் என்று இளைஞர்கள் நினைப்பார்களே என்று மறுத்துச் சாகிறார்.

உணவுப் பட்டியல் உயிர்ப் பட்டியலாக மாறிய காலம் அது. அந்தச் சூழலில் ஏசாவைப் பன்றி என்று எழுதியவனின் கை எப்படி இருந்திருக்கும்! அதே காலத்தில் வடிவம் பெற்ற தானியேல் நூலில் வாலிபர்கள் ராஜாவின் சாப்பாட்டை ஒதுக்கிப் பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கேட்கிறார்கள். கொம்பு முளைத்த அந்தச் செம்மறி, யூதா மக்கபே, தீட்டுப்படாமல் இருக்க வனாந்தரத்தில் இலைதழைகளைத் தின்று காலம் தள்ளியதாக 2 மக்கபேயர் 5:27 சொல்கிறது. கனவில் செம்மறி புல் தின்கிறது, வெளியே அந்த மனுஷனும் புல்லைத்தான் தின்கிறான்.

யானைக்காக ஒரு வார்த்தை. 1 மக்கபேயர் 6இல் சிரியப் படை 32 போர் யானைகளோடு வருகிறது. ஒவ்வொன்றையும் ஓட்ட ஓர் இந்தியப் பாகன். இராட்சதர்களுக்கு யானை வேடம் கொடுத்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைய யூதேயாவில் யானை என்றால் குழந்தைகள் கைகாட்டிச் சிரித்திருக்கமாட்டார்கள்.

எட்டாம் படி: இந்தச் சாவியை வேறு பூட்டில் போடாதிருப்பது

நான் செய்த தவறு இது. ஏனோக்கில் செம்மறிக்கிடா என்றால் இஸ்ரவேலின் தலைவன் என்று மனப்பாடமாகிவிட்டது. அந்த வேகத்தில் தானியேல் 8ஐத் திறந்து, அங்கே வரும் ஆட்டுக்கடாவை நல்லவனாக்கி, அதை முட்டிச் சாய்க்கும் வெள்ளாட்டுக்கடாவைத் திட்டிக்கொண்டே பாதி அதிகாரம் போய்விட்டேன். 20, 21ஆம் வசனங்கள் வந்து தலையில் தட்டின: ஆட்டுக்கடா மேதிய, பெர்சிய ராஜாக்கள்; வெள்ளாட்டுக்கடா கிரேக்கம். இரண்டும் சுத்தமான பிராணி, இரண்டும் அந்நிய அரசு. தானியேல் 7இல் வரும் நான்கு மிருகங்களோ கழுகுச் சிறகுள்ள சிங்கம், நான்கு தலைச் சிறுத்தை என்று கலப்படங்கள். அங்கே உறுத்துவது இனங்களின் கலப்பு. எஸ்றாவின் பெயரில் உள்ள நான்காம் நூலில் கழுகு ரோமாபுரி, அதைக் கண்டிக்கும் சிங்கம் மேசியா; சிங்கம் அசுத்தப் பிராணி ஆயிற்றே என்று யாரும் கவலைப்படவில்லை, யூதா கோத்திரத்துச் சிங்கம் அது. பாரூக்கின் பெயரில் உள்ள இரண்டாம் நூலிலோ கழுகு நல்ல தபால்காரன். பத்திரமாகக் கடிதம் கொண்டுபோகிறது. ஒவ்வொரு நூலுக்கும் புதுத் தாள் போடுங்கள்.

ஏனோக்குக்குள்ளேயும் ஒரு எச்சரிக்கை. சுத்தமான பிராணி என்றால் நல்லவர் என்று பொருளில்லை. செம்மறிகள் பாதிக் கதையில் குருடாய்த் திரிகின்றன. பொன் கன்றுக்குட்டிக் காலத்திலேயே கண் போயிற்று. குட்டிகள் கண் திறந்து கத்தும்போது பெரிய செம்மறிகளுக்குக் காது கேட்பதில்லை. தீர்ப்பு நாளில் நெருப்புக்குள் போகிறவர்களில் குருட்டுச் செம்மறிகளும் உண்டு.

கடைசிப் படி: பட்டியல் உடையும் இடம்

90:37. வெள்ளைக் காளை ஒன்று பெரிய கொம்புகளோடு பிறக்கிறது. காட்டு விலங்குகளும் வானத்துப் பறவைகளும் அதற்கு அஞ்சுகின்றன. அடுத்த வசனத்தில் அவற்றின் இனங்களெல்லாம் மாறி, எல்லாமே வெள்ளைக் காளைகளாகின்றன. ஓநாய் காளையாகிறது. காகம் காளையாகிறது. பன்றியும்தான். ‘செம்மறியாகின்றன’ என்று எழுதியிருந்தால் எல்லோரும் யூதரானார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் செம்மறியையும் விட்டுவிட்டு, யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் முன்னால், பட்டியலே தேவைப்படாத ஆதாமின் நிறத்துக்கு எல்லோரையும் கொண்டுபோகிறார். ஆலயத்தின் அப்பத்தைக்கூட ஏற்காத அதே ஆள்!

இந்த வசனத்தில் ஒரு சிக்கல் இருக்கும், பயப்படாதீர்கள். அவற்றில் முதலாவது ‘சொல்’ ஆயிற்று என்று கீஸ் பிரதி சொல்லும். காட்டெருதுக்கு எபிரேயத்தில் ‘ரெஏம்’. அதை அப்படியே கிரேக்க எழுத்தில் எழுதியதைப் பின்னால் வந்தவர் ‘ரேமா’, அதாவது சொல், என்று படித்துவிட்டார் என்பது ஆய்வாளர்களின் ஊகங்களில் ஒன்று. பல மொழிபெயர்ப்புகள் காட்டெருது, ஆட்டுக்குட்டி என்று தத்தம் திருத்தத்தைப் போட்டிருக்கும்.

நேரமிருந்தால் அப்போஸ்தலர் நடபடிகள் 10ஐ இங்கே சேர்த்துப் படியுங்கள். பசியோடு இருந்த பேதுருவுக்கு வானத்திலிருந்து துப்பட்டி இறங்குகிறது, உள்ளே நாலுகால் பிராணிகள், ஊர்வன, பறவைகள். அடித்துப் புசி என்கிறது குரல். சாப்பாட்டைப் பற்றிய காட்சியாகத்தான் தெரிகிறது. ஆனால் 28ஆம் வசனத்தில் பேதுரு சொல்வது மனுஷரைப் பற்றி: எந்த மனுஷனையும் தீட்டென்று சொல்லாதபடி தேவன் தனக்குக் காண்பித்தார் என்கிறான். விலங்கைக் காட்டினால் அது இனங்களைக் குறிக்கும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அகராதி அவன் வளர்ந்த வீட்டுச் சமையலறையிலும் இருந்தது.

உங்கள் தாளுக்குத் திரும்புங்கள். கடைசி வரியில் வெள்ளைக் காளைகள், யார் என்ற பத்தியில் எல்லோரும், என்ன தின்கிறது என்ற பத்தி காலி. அவை என்ன மேய்ந்தன என்று எழுதியவர் சொல்லவில்லை. செம்மறிகளின் எஜமான் அவற்றைப் பார்த்து மகிழ்ந்தார் என்று மட்டும் சொல்கிறார். ஏனோக்கு அவற்றின் நடுவே தூங்கி எழுகிறான். கடவுளை வாழ்த்துகிறான். பிறகு கண்ணீரை அடக்கமாட்டாமல் அழுகிறான், கனவில் கண்டதையெல்லாம் நினைத்து. அப்போது அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.